அழித்தும் போகாத எண்

போளூர் ஸ்டேஷன் ரோட்டில் எனக்கு ஒரு கடை. வெப்சைட் செய்து கொடுப்பேன், கெட்டுப்போன வெப்சைட்டைச் சரிசெய்வேன், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகையும் அடிப்பேன். பெயர் ஃபுர்கான். வாணியம்பாடியில் தோல் கம்பெனிகளுக்கு இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவன், முதலாளிகளிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். சசிகலா என் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் என் வாய் குறையவில்லை. அவள்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவள் ஜவ்வாது மலைக்காரி. ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் நடக்க வேண்டிய ஊர். கல்யாணமான புதிதில் டைப்பிங் கற்றுக்கொள்கிறேன் என்று வந்தவள், வெப்சைட் எழுதக் கற்றுக்கொண்டு தங்கிவிட்டாள். வாரத்தில் பாதி கீழே, பாதி மேலே. புருஷன் சந்திரன் சாமை போடுகிறவன், கொஞ்சம் புளியமரமும் உண்டு. அவளைக் கூட்டிப்போக வருகிறவன், பஸ்ஸுக்கு நேரமிருந்தால் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பான். நீயும் கடைக்குச் சேர்ந்துவிடேன் என்று கிண்டல் செய்வேன், சிரிப்பான். பார்த்துப் பார்த்தே கொஞ்சம் கற்றுக்கொண்டும் விட்டான்.

இந்த வேலையைப் பற்றி ஒன்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். திரையில் ஒரே பக்கமாகத் தெரிவது உண்மையில் பல துண்டுகள். தலைப்பகுதி ஒரு ஃபைல், விலைகள் ஒரு ஃபைல், அடிப்பகுதி ஒரு ஃபைல். நாங்கள் எழுதும் பி.எச்.பி. மொழியில் பக்கம் ஒவ்வொரு ஃபைலையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட ஃபைல் இல்லையென்றால், தேடினேன், இல்லை என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டும். கூப்பிடுவதில் இரண்டு விதம் உண்டு. முதல் விதத்தில், ஃபைல் இல்லாவிட்டால் முணுமுணுத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும். இரண்டாவது விதத்தில் அங்கேயே நின்றுவிடும், ஒரு வரிகூட மேலே போகாது. என் கடைக்கு வருகிற புகாரில் பாதி இந்தக் காணாமல் போன ஃபைல் புகார்தான். சசிகலா அதில் கெட்டிக்காரி.

சந்திரன் காணாமல் போனது ஒரு வைகாசியில். மழை ஏமாற்றிய வருஷம். ஆந்திராக் காட்டில் மரம் வெட்ட ஆள் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் மலைக்கு வந்தான். அது செம்மரம் என்பதும் மாட்டினால் என்ன ஆகும் என்பதும் மலையில் எல்லோருக்கும் தெரியும். சசிகலா போகக் கூடாது என்றாள். வீட்டில் பெரிய சண்டை. அவன் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டான். இவள் அந்த ஆத்திரத்தில் தன் சிம்மை உடைத்துப் போட்டுவிட்டு வேறு நம்பர் வாங்கிக்கொண்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தவிக்கட்டும் என்று நினைத்தாளாம்.

கோபம் தீர்ந்து இவள் அவனைக் கூப்பிட்டபோது அவன் போன் அணைந்திருந்தது. அன்றிலிருந்து அந்த நம்பர் போகவே இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாள். கூடப் போய்த் திரும்பியவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டாள். காட்டுக்குள் பிரிந்துவிட்டோம், தெரியாது என்றார்கள். அந்த ஏஜென்ட் மறுபடி மலைப்பக்கம் தலைகாட்டவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் வீடு அந்த முதல் விதத்தில் நடந்தது. உலை வைத்தாள், வேலைக்கு வந்தாள், தாலி கழுத்திலேயே இருந்தது. மாமியார் பாஞ்சாலை கதவுக்குத் தாழ் போட விடுவதில்லை, வருகிறவன் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். செத்தவனுக்கு அழுது முடிக்க ஒரு வழி இருக்கிறது. காணாமல் போனவனுக்கு எதுவும் இல்லை.

மலை விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் உண்டு. சாமை, புளி, தேன் விற்கிறது. சசிகலா செய்ததுதான். பக்கத்தின் அடியில் "தொடர்புக்கு: சந்திரன்" என்று பெயரும், கீழே ஒரு போன் நம்பரும் இருந்தன. சங்கத்துக்கு வரும் போனையெல்லாம் அப்போது அவன்தான் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் போன பிறகும் அந்த வரியை நீக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆர்டர் எல்லாம் மெயிலில் வந்துகொண்டிருந்தது, அது பாட்டுக்குக் கிடந்தது.

இந்த வருஷம் புளி நன்றாக விளைந்தது. பெரிய வியாபாரிகள் மெயிலில் பேச மாட்டார்கள், போன் போடுவார்கள். போட்டுப் பார்த்துவிட்டு சங்கத் தலைவர் கோபால்சாமியிடம் புகார் சொன்னார்கள். யாரோ எடுக்கிறார்களாம், ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறார்களாம். குடோனில் புளி மலைபோல் கிடக்க, விலை இறங்கிக்கொண்டிருந்தது. கோபால்சாமி கெட்டவர் இல்லை. அவர் சசிகலாவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டார், அந்த நம்பரை எடுத்துவிடு என்று. இல்லாவிட்டால் உறுப்பினர்கள் வெப்சைட்டைத் திருப்பத்தூர் ஆட்களிடம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றார்.

அவளுக்கு வேலை போகும் பயம் வரவில்லை. யாரோ எடுக்கிறார்கள் என்ற பேச்சுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கே அவன் நம்பருக்குப் போட்டாள். உபயோகத்தில் இல்லை என்ற அதே பெண்குரல். மறுபடி மறுபடி போட்டாள், அதே குரல். வியாபாரிகள் போட்டால் எடுக்கிறது, இவள் போட்டால் செத்துக் கிடக்கிறது. இது எப்படி என்று என்னிடம் வந்து கேட்டாள். கம்பெனிக்காரன் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பான், சிக்னல் கோளாறாக இருக்கும் என்று எதையோ உளறிச் சமாளித்தேன். எனக்கே அது ஒட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து மலையிலிருந்து போன் செய்தாள்.

"பாய், அவரு பேர எடுத்துட்டேன். போவ மாட்டேன்னுது."

பிரவுசர் பழசைக் காட்டும், அழித்துவிட்டுப் பார் என்றேன். பார்த்துவிட்டேன் என்றாள். வேறு போனில் பார் என்றேன். கோபால்சாமி போனிலும் அப்படியே இருக்கிறதாம். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எடுக்க மனசில்லாமல், எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்று. அவளை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் கோபால்சாமி சொல்வார். வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

சங்கத்து ஆபீஸ் குடோனை ஒட்டிய சின்ன அறை. வெளியே பெண்கள் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மத்தியானம்தான், ஆனால் மூடுபனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே எதிர்மரம் தெரியவில்லை. சசிகலா எனக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு அடிப்பகுதி ஃபைலைத் திறந்து காட்டினாள். பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. சுத்தமாக எடுத்திருந்தாள். பக்கத்தைத் திறந்தாள். "தொடர்புக்கு: சந்திரன்" என்று இருந்தது.

அவளைச் சந்தேகப்பட்டதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஃபைலையே தூக்கிவிடு, பக்கம் அலறட்டும், எங்கே தேடுகிறது என்று அதுவே சொல்லும் என்றேன். எங்கள் தொழிலில் இது வழக்கம். சரியாகாத இடத்தை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. அவள் ஃபைலை அழித்தாள். பக்கத்தைத் திறந்தாள். ஒரு முணுமுணுப்பும் இல்லை. அடியில் சந்திரன் அப்படியே இருந்தான்.

அந்த வரிக்கு முன்னால் வாயை மூடும் குறி ஏதாவது போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். மெயில் முகவரியில் வருகிற அந்த @ குறியைப் போட்டால் ஃபைல் இல்லாவிட்டாலும் பக்கம் பேசாமல் இருக்கும். போடவில்லை என்று காட்டினாள். இல்லாத ஃபைலிலிருந்து ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் இதே வேலையைச் செய்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாய்க்குள்ளேயே ஒரு துஆ சொல்லிக்கொண்டேன்.

சசிகலா பயப்படவில்லை. அவள் முகத்தில் இருந்தது ஆசை. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வுட்டுடலாமா பாய்?" என்றாள். "அவரு இருக்கட்டுமே."

நான் அதட்டினேன். பேய் வந்து பி.எச்.பி. எழுதாது, எங்கிருந்து எடுக்கிறது என்று அந்தப் பக்கத்தையே கேள் என்றேன். அவள் ஒரு வரி சேர்த்தாள். பக்கம் தான் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு ஃபைலையும் அது இருக்கும் இடத்தோடு சொல்ல வேண்டும். சொன்னது. எல்லாம் அவள் ஃபோல்டரில் இருந்தன. விலைகளும் அடிப்பகுதியும் மட்டும் வேறொரு ஃபோல்டரிலிருந்து வந்திருந்தன. அந்த ஃபோல்டரின் பெயர் விதை.

அவள் மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவர்கள் ஊரில் விதையை ஒரே வீட்டில் வைக்க மாட்டார்கள். பாதி தன் வீட்டில், பாதி வேறொரு பங்காளி வீட்டில். தீயோ எலியோ வந்தால் ஒன்றாவது மிஞ்சும். விதைக்கிற நாளில் முதலில் பங்காளி வீட்டு விதையைத்தான் எடுப்பார்கள், அது இல்லையென்றால்தான் தன் வீட்டில் தானியம் கொட்டி வைக்கும் குதிரைத் திறப்பார்கள். வெப்சைட் செய்த புதிதில் சந்திரன் தினமும் புளி விலை மாற்ற ஆசைப்பட்டான். இவள் ஃபைலில் கை வைத்தால் கெட்டுவிடும் என்று அவனுக்குத் தனியாக ஒரு ஃபோல்டர் கொடுத்தாள். அவன்தான் அதற்கு விதை என்று பெயர் வைத்தான். ஊர் வழக்கப்படியே எழுது என்று கேட்டானாம். இவளும் சிரித்துக்கொண்டே ஒரு வரி எழுதினாள். எந்த ஃபைலாக இருந்தாலும் முதலில் விதையில் தேடு, அங்கே இல்லையென்றால் இங்கே வா. விலை ஃபைல் ஒன்றுதானே அங்கே இருக்கிறது என்று அந்த வரியை மறந்தும் போனாள். அவன் போன பிறகு விலையை மெயிலிலேயே பேசிக்கொண்டார்கள், அந்த ஃபோல்டரை யாரும் திறக்கவில்லை.

தேடுகிற வரிசையை ஊர் வழக்கத்துக்கு விட்டுக்கொடுக்கிற புரோக்ராமரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வேறு நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

விதை ஃபோல்டரைத் திறந்தோம். விலை ஃபைலுக்குப் பக்கத்தில் அடிப்பகுதி ஃபைலின் நகல் ஒன்று இருந்தது. அதை அவள் வைக்கவில்லை. பக்கத்தில், கடைசியாக மாற்றிய தேதி இருந்தது. அதை நான்தான் முதலில் படித்தேன், படித்துவிட்டு அவளுக்கு விரலை வைத்துக் காட்டினேன். அது அவன் காணாமல் போன அதே வருஷத்து ஆடி மாதம். வைகாசியில் காணாமல் போனவன் ஆடியில் இதை எழுதியிருக்கிறான்.

அவள் அழித்த ஃபைலை மீட்டு, தான் எடுத்த வரியைத் திரும்பப் போட்டு, வித்தியாசத்தை நிறம் மாற்றிக் காட்டும் புரோகிராமில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். எல்லா வரியும் ஒன்றுபோல இருந்தது. ஒரே ஒரு வரி வேறு நிறத்தில் தெரிந்தது. அவள் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தொட்டாள்.

"பாய், இது அவரு நம்பர் இல்ல."

நான் என் போனை எடுத்துச் சந்திரன் என்ற பெயரைத் திறந்து பார்த்தேன். இல்லைதான். முதல் எண்ணைத் தவிர எதுவும் ஒட்டவில்லை. இரண்டு வருஷமாக அந்த வேறு நம்பர் பக்கத்தின் அடியிலேயே கிடந்திருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன், கோபால்சாமி பார்த்திருக்கிறார், அவள் தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். அவன் பெயரைப் பார்த்ததும் அவள் கண் அதற்குக் கீழே போகாதாம். மனப்பாடமாகத் தெரிந்த நம்பரை எதற்குப் படிக்க வேண்டும். அவள் வீட்டில் தினமும் போட்டுப் பார்த்தது பழைய நம்பர். வியாபாரிகளுக்கு எடுத்தது இது.

அவளே போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். மணி அடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓர் ஆள் எடுத்தார், பின்னால் கிளாஸ் கழுவும் சத்தம். யார் என்ன என்று கேட்காமலே, புளியா, இங்கே புளி இல்லை, டீக்கடை என்று தெலுங்கு கலந்த தமிழில் சலித்துக்கொண்டார்.

"நான் சந்திரன் வூட்டுல இருந்து பேசுறேங்க" என்றாள்.

அந்தப் பக்கம் கிளாஸ் சத்தம் நின்றது.

"சசியா?" என்றார் அவர்.

அவர் சொன்னதை இங்கே சுருக்கிச் சொல்கிறேன், எனக்கு அதை முழுதாகச் சொல்லத் தெம்பில்லை. காட்டடியில் ஒரு பஸ் நிறுத்தம், அதில் அவர் கடை. சந்திரன் கும்பலை விட்டுத் தப்பி ஓடி வந்து காய்ச்சலோடு அவர் பெஞ்சில் விழுந்தவன். போனை ஏஜென்ட் பிடுங்கி வைத்துக்கொண்டான். மனைவி நம்பர் ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது, அது போகவே இல்லை. வேறு யாருக்காவது சொல்லலாம் என்றால் மறுத்துவிட்டான். கேஸ் ஆகிவிடும், ஊருக்குத் தெரிந்தால் தலைகுனிவு என்று பயம். பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டு வந்து, உங்கள் நம்பரை எங்கள் வெப்சைட்டில் போட்டுவிட்டேன், வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும் என்று சொன்னானாம். அன்றிலிருந்து கிளாஸ் கழுவிக்கொண்டே காத்திருந்தானாம். போன் அடித்தால் ஈரக்கையோடு ஓடி வருவானாம்.

ஆவணியில் ஒரு நாள் பழைய கும்பல் வேனில் வந்து அவனைக் கண்டுகொண்டது. பாக்கி வேலையை முடித்துக் கொடு என்று மிரட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. கடைக்காரருக்கும் அதற்கு மேல் தெரியாது.

"அவ தினம் அந்தப் பக்கத்தப் பாப்பா, உடனே கண்டுபிடிச்சிடுவான்னு சொன்னாம்மா" என்றார். "அதுக்காகத்தான் நான் நம்பர மாத்தாம வச்சிருக்கேன்."

சசிகலா நன்றி சொன்னாள். வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிகிற மாதிரி கூப்பிட்டிருக்கிறான், அது அவள் கண் முன்னாலேயே தினமும் வந்து நின்றிருக்கிறது. வெளியே புளி தட்டும் சத்தம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கோபால்சாமி உள்ளே வந்து, நம்பர் எடுத்தாச்சா என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஆகிவிடும் என்றாள் அவள். அவர் போன பிறகு நான் வேலையைப் பற்றிப் பேசினேன், வேறு எதைப் பேசுவது. விலை ஃபைலை உன் ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு விதையை அழித்துவிடு, முதலில் அங்கே தேடும் வரியையும் எடுத்துவிடு, உன் ஃபைலில் உன் நம்பரைப் போட்டுவிடு, அதுதான் சரியான முறை என்றேன்.

அவள் கேட்கவில்லை. விதை ஃபோல்டரிலேயே அந்த நகலைத் திறந்தாள். சந்திரன் என்ற பெயரை எடுத்துத் தன் பெயரைப் போட்டாள். டீக்கடை நம்பர் இருந்த இடத்தில் தன் புது நம்பரை அடித்தாள். அவனுக்கு இதுவரை தெரியாத நம்பர்.

"என் ஃபைல்ல அவரு கை வைக்கமாட்டாரு பாய். பாத்தா, இங்கதான் பாப்பாரு."

அடுத்த வாரம் அவளும் நானும் கோபால்சாமியும் அந்த டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் பெஞ்சைக் காட்டினார். அவன் விட்டுப்போன ஒரு சட்டையைக் கொடுத்தார், துவைத்து மடித்து வைத்திருந்தார். அங்கேயும் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். புளி விற்றுவிட்டது. வியாபாரிகள் சசிகலாவிடம்தான் பேசுகிறார்கள், கறாராகப் பேசுகிறாள் என்று கோபால்சாமிக்குப் பெருமை.

அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. முதலில் விதையில் தேடு, அங்கே இல்லையென்றால் இங்கே வா. அதைச் சரிசெய்யச் சொல்லி நான் அவளிடம் மறுபடி கேட்கவில்லை. காலையில் கடைக்கு வந்ததும் அவள் முதலில் அந்த ஃபோல்டரைத் திறந்து, ஃபைலுக்குப் பக்கத்தில் இருக்கும் தேதியைப் பார்க்கிறாள். பிறகு பக்கத்தைத் திறந்து, அடியில் இருக்கும் தன் நம்பரையே ஒவ்வொரு எண்ணாக, உதடு அசையப் படிக்கிறாள். தேதி இன்னும் அவள் மாற்றிய நாளாகத்தான் இருக்கிறது.